அண்ணாச்சி பதில்கள்: முட்டு இருக்கும் மட்டும்தான் தளம்

கேள்வி: அண்ணாச்சி, சிவில் முடித்துவிட்டு வேலை தேடுகிறேன். ஒரு பெரிய கம்பெனியில் 'டெம்பரரி ஒர்க்ஸ் இன்ஜினியர்' வேண்டும் என்று விளம்பரம் போட்டிருக்கிறார்கள். வேலையே தற்காலிகமா, கொஞ்ச நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?
– வாசகர், வண்ணார்பேட்டை

வேலை நிரந்தரம்தான் தம்பி, நீ கட்டப்போவதுதான் தற்காலிகம். சாரம், சென்ட்ரிங், அடித்தளப் பள்ளம் சரியாமல் தாங்கும் முட்டு, டவர் கிரேன் நிற்கும் மேடை என்று கட்டடம் முடிந்ததும் காணாமல் போகிற எல்லாமே அந்த ஆள் பொறுப்பு. உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே சுலோச்சன முதலியார் பாலம் இருக்கிறதே, 1843-இல் திறந்தது, அதன் 11 வளைவுகளைப் பார். வளைவில் கடைசிக் கல் உட்காரும் வரை அது தானாக நிற்காது, அடியில் ஏதாவது ஒரு சட்டம் தாங்கித்தான் ஆக வேண்டும். அந்தச் சட்டத்துக்குத்தான் முதலில் சென்ட்ரிங் என்று பேர், நாம் தட்டைத் தளத்துக்கும் அதையே சொல்லிப் பழகிவிட்டோம்.

இங்கிலாந்தில் 1970-களில் முட்டுச் சாரங்கள் அடுத்தடுத்துச் சரிந்த பிறகு, அரசு ஒரு குழு போட்டது. இதற்கென்றே தனியாக ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று அந்தக் குழு 1975-இல் சொன்னது. அவர் கையெழுத்து இல்லாமல் கான்கிரீட் ஊற்றவும் கூடாது, முட்டுகளைக் கழற்றவும் கூடாது. நம் நாட்டிலும் முட்டுச் சாரத்துக்கென்று ஐ.எஸ். 14687 என்ற இந்தியத் தர விதிநூல் இருக்கிறது, 1999-இல் வந்தது. நேர்காணலுக்குப் போகுமுன் அதைப் படித்துவிடு.

கேள்வி: நாங்கள் பிளாட் புக் செய்திருக்கும் இடத்தில் மூன்றாம் தளம் ஊற்றி எட்டாம் நாள் அதன் அடியில் முட்டாக நின்ற இரும்பு ஜாக்கிகளைக் கழற்றி, அதே ஜாக்கிகளை நாலாம் தளத்துக்கு நிறுத்துகிறார்கள். 'ஏழு நாள் போதும், கோட்லயே இருக்கு' என்கிறார் மேஸ்திரி. சரியா அண்ணாச்சி?
– வாசகி, பாளையங்கோட்டை

கோட்டில், அதாவது கட்டுமான விதிநூலில், இருப்பது உண்மைதாம்மா, ஆனால் மேஸ்திரி பாதியைத்தான் படித்திருக்கிறார். ஐ.எஸ். 456-இன்படி 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்குத்தான் 7 நாள், அதற்கு மேல் 14. பீம் 6 மீட்டருக்குள் என்றால் 14, தாண்டினால் 21. அதுவும் ஓ.பி.சி. என்கிற சாதா போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு. இப்போது கடையில் பெரும்பாலும் கிடைக்கிற பி.பி.சி., அதாவது சாம்பல் கலந்த சிமெண்ட், மெதுவாகத்தான் இறுகும், இன்னும் சில நாள் விட வேண்டும்.

இதெல்லாம் தளம் தன் பாரத்தை மட்டும் தாங்க வேண்டியிருக்கும்போது. உங்கள் இடத்தில் கதை வேறு. கட்டில், பீரோ, ஆள் நடமாட்டம் என்று வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ மேல்பாரம்தான் கணக்கு. மேலே ஊற்றப்போகும் 15 செ.மீ. ஈரக் கான்கிரீட்டே கம்பியோடு சேர்த்து 375 கிலோ, அதன் மேல் ஷீட், வைப்ரேட்டர், பத்திருபது ஆட்கள். 20-க்கு 30 அடி ஹால் என்றால் 21 டன். வளர்ந்த யானை ஒன்று நாலு டன் என்று வைத்தால் ஐந்து யானை, அதுவும் பிறந்து எட்டு நாளான பிள்ளை முதுகில்! அதனால்தான் கீழே இரண்டு மூன்று தளங்களுக்காவது முட்டுகளை விட்டுவைத்து பாரத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பது. மேல் ஜாக்கிக்கு நேர் கீழேயே கீழ் ஜாக்கி இருக்க வேண்டும், தள்ளி நின்றால் நடுத்தளத்தில் குத்தும். எத்தனை தளத்துக்கு என்பதை டிசைன் செய்த இன்ஜினியர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும், அந்தத் தாளைக் கேளுங்கள். ஜாக்கி வாடகை மிச்சம் என்பதைத் தவிர இந்த அவசரத்துக்கு வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: கல்யாண மண்டபம் கட்டுகிறோம், உயரம் 20 அடி. சவுக்குக் கம்பை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் கட்டி நிறுத்தலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

வேண்டாம். துடைப்பத்தில் ஒரு ஈர்க்குச்சியை உருவி விரல் நீளத்துக்கு ஒடித்துத் தரையில் ஊன்றி அழுத்துங்கள், நிற்கும். முழ நீளத்தை அழுத்தினால் வில்லாக வளைந்துவிடும். நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் பாரம் கால் பங்காகிவிடுகிறது. ஒட்டுப்போட்ட கம்பு அதைவிட மோசம். இந்த உயரத்துக்கு இரும்புச் சாரம்தான், அதையும் நடுநடுவே இரண்டு பக்கமும் குறுக்குக் குழாய் போட்டுப் பிணைக்க வேண்டும்.

அடியையும் பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரிசல் மண்ணில் ஒரு கட்டடம், ஐப்பசி மழை, முட்டுக்கு அடியில் பலகை வைக்காமல் செங்கல்லை வைத்துவிட்டோம். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு வரிசை இரண்டு விரற்கடை இறங்கியது. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்தத் தொய்வு இன்றும் சீலிங்கில் இருக்கிறது, ஃபேன் மாட்டியும் மறையவில்லை.

அப்புறம், ஊற்றுகிற அன்று காலையில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்து ஒவ்வொரு ஜாக்கியாக ஆட்டிப் பாருங்கள். ஜாக்கியின் உயரத்தைப் பூட்டும் இரும்புப் 'பின்' இருக்க வேண்டிய துளையில் துண்டுக் கம்பியைச் சொருகியிருப்பார்கள். எனக்குத் தெரிந்து ஒரு தளத்துக்கு நாலைந்தாவது அகப்படும். சரியான 'பின்' வந்து சேரும் வரை மிக்சரை ஓட்டவே விடாதீர்கள்.