ஒரு ட்வீட்டுக்காக வேலையை விட்டுத் தூக்க முடியுமா?

கேள்வி: ஒரு செய்தி சேனலில் வாரம் மூன்று நாள் விவாத நிகழ்ச்சி நடத்துகிறேன். 'மனதில் பட்டதைப் பேசுகிறவர்' என்று சொல்லித்தான் சேனலே என்னை விளம்பரப்படுத்துகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் இது. இந்த முறை 'நன்னடத்தை' என்ற தலைப்பில் புதிதாக ஒரு பக்கம் சேர்த்திருக்கிறார்கள். என் சொந்தப் பக்கத்தில் எழுதும் ஒன்றுக்காக நாலு பேர் கூச்சல் போட்டால் என்னைத் தூக்கிவிட முடியுமா? கருத்துச் சுதந்திரம் என்று ஒன்று இல்லையா? வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து கேட்கிறார்கள்.

பதில்: முடியும். அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டால், மிகச் சுலபமாக முடியும். எனவே பேனாவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கருத்துச் சுதந்திரம் என்பது பெரும்பாலும் அரசாங்கத்துக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கும் வேலி. தனியார் சேனலுக்கும் உங்களுக்கும் நடுவே அது இருப்பது அபூர்வம். இந்தச் சண்டைகள் அதிகம் நடக்கும் அமெரிக்காவையே பாருங்கள். அங்கே அரசியலமைப்பின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசைத்தான். விதிவிலக்காக, ஊழியரின் அரசியல் செயல்பாட்டில் முதலாளி தலையிடக் கூடாது என்று கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் தொழிலாளர் சட்டம் உண்டு. சமூக வலைப் பதிவுகளுக்காக 2021 பிப்ரவரியில் ஸ்டார் வார்ஸ் தொடரிலிருந்து நீக்கப்பட்ட நடிகை ஜீனா கரானோ அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் டிஸ்னி மீது வழக்குப் போட்டார். எலான் மஸ்கின் எக்ஸ் நிறுவனம் செலவை ஏற்றது. வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிபதி மறுத்தார். 2025 ஆகஸ்டில் சமரசம் ஆனது. நீக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் நாலரை வருடம். உங்கள் ஊர்ச் சட்டத்தில் அப்படி ஒரு பாதுகாப்பு இருக்கிறதா என்று ஒரு தொழிலாளர் நல வக்கீலிடம் கேளுங்கள். இருந்தாலும் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

அப்புறம், 'நாலு பேர் கூச்சல்' என்கிறீர்களே, கூச்சல் யாரையும் வேலையை விட்டு நீக்குவதில்லை. கூச்சலைக் கேட்டுப் பணம் பயப்படும்போதுதான் நாற்காலி ஆடும். 2001 செப்டம்பர் 17 அன்று, இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், விமானங்களை மோதித் தாங்களும் செத்த தாக்குதல்காரர்களைக் கோழைகள் என்று சொல்வது பொருந்தாது என்ற ரீதியில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் பேசினார் நகைச்சுவைத் தொகுப்பாளர் பில் மேஹர். ஃபெட்எக்ஸ், சியர்ஸ் என்ற இரண்டு பெரிய கம்பெனிகள் தங்கள் விளம்பரத்தை விலக்கிக்கொண்டன. அடுத்த ஆண்டு நிகழ்ச்சியே நின்றது. 2003இல் அதே மேஹர் எச்பிஓவில் உட்கார்ந்தார். ஆள் அவரேதான், வாயும் அதேதான். ஆனால் எச்பிஓ சந்தாவில் ஓடும் சேனல். கோபித்துக்கொண்டு போக அங்கே விளம்பரதாரர் இல்லை. உங்கள் சேனலுக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்பது உங்கள் கருத்து என்ன என்பதைவிட முக்கியமான தகவல்.

இதெல்லாம் ட்விட்டரோடு வந்த வியாதி என்பவர்களுக்கு 1950களின் கதை ஒன்று. நியூயார்க் மாநிலத்தின் சிரகூஸ் நகரில் லாரன்ஸ் ஜான்சன் என்று ஒருவர் சில சூப்பர் மார்க்கெட்டுகள் வைத்திருந்தார். தனக்குப் பிடிக்காத ஒரு கலைஞரை எந்த கம்பெனியின் நிகழ்ச்சியாவது வைத்துக்கொண்டால், அந்த கம்பெனியின் பொருளுக்குப் பக்கத்திலேயே 'இவர்கள் கம்யூனிஸ்ட் ஆதரவாளருக்குச் சம்பளம் தருகிறார்கள்' என்ற ரீதியில் அட்டை வைப்பேன் என்று மிரட்டுவார். அலமாரியில் ஒரே ஒரு அட்டை, அவ்வளவுதான். கம்பெனிகள் நடுங்கின. அந்தக் காலத்தில் சிபிஎஸ் வானொலித் தொகுப்பாளர் ஜான் ஹென்றி ஃபாக் 1957இல் வேலை இழந்தார். அவர் சும்மா இருக்கவில்லை. தன்னைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தவர்கள்மீது தொடுத்திருந்த வழக்கில் 1962இல் ஜூரி 35 லட்சம் டாலர் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது 5.5 லட்சமாகச் சுருங்கியது. அந்த அட்டைக்கு இன்று ஹேஷ்டேக் என்று பெயர்.

சரி, அந்தப் பக்கத்துக்கு வருவோம். நீங்கள் அதை அனுப்பவில்லை, ஆனால் இந்த ஷரத்தின் வாசகம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: 'பொதுமக்களின் வெறுப்புக்கோ ஏளனத்துக்கோ ஆளாக்கும் அல்லது ஆளாக்கக்கூடிய எந்தச் செயலிலும் பேச்சிலும் ஈடுபட்டதாக நிறுவனம் தன் விருப்பப்படி கருதினால், உடனடியாக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்.' அடிக்கோடு போட வேண்டிய இடங்கள் மூன்று. 'ஆளாக்கக்கூடிய' என்றால் வெறுப்பு உண்மையில் வந்திருக்கவே வேண்டாம். வரலாம் என்று தோன்றினால் போதும். 'பேச்சு' என்றால் உங்கள் தொழிலே குற்றப் பட்டியலில் ஏறிவிடுகிறது. 'தன் விருப்பப்படி' என்றால் நீதிபதியும் அவர்களே.

இந்த ஷரத்து குடி, கைது, கொலைவழக்கு வகையறாக்களுக்காகப் பிறந்தது. 1921இல் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் கைதானபோது பதறிப்போன யூனிவர்சல் நிறுவனம் ஒப்பந்தங்களில் இதைச் சேர்க்க ஆரம்பித்தது. 1947இல் ஹாலிவுட் எழுத்தாளர்களை அரசியலுக்காக வெளியேற்ற ஸ்டூடியோக்களுக்கு இதே ஷரத்துதான் கைகொடுத்தது. ஒழுக்கத்துக்கு வாங்கிய பூட்டு கருத்துக்கும் பொருந்தியது. அதனால், 'நான் ஒழுங்காகத்தானே இருக்கிறேன், எனக்கென்ன பயம்' என்று அலட்சியமாக இருக்காதீர்கள்.

என்ன மாற்றக் கேட்பது? 'தன் விருப்பப்படி' என்பதை 'நியாயமான காரணங்களின்படி' என்று மாற்றச் சொல்லுங்கள். எழுத்தில் நோட்டீஸ், பதில் சொல்ல சில நாள் அவகாசம். ஒப்பந்தத்துக்கு முன்பு எழுதிய பழைய பதிவுகளுக்கு இது செல்லாது என்று ஒரு வரி. இவற்றைவிட முக்கியமாக, வெளிப்படையான, சர்ச்சைக்கிடமான கருத்துகளைச் சொல்வதற்காகவே உங்களை நியமிக்கிறோம் என்று சேனலே ஒப்புக்கொள்ளும் ஒரு வாக்கியம். 2007 ஏப்ரலில் வானொலித் தொகுப்பாளர் டான் ஐமஸை சிபிஎஸ் நீக்கியது. ஒரு பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பற்றி அவர் சொன்னது அருவருப்பான பேச்சு, அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் துடுக்காகப் பேசுவதற்காகவே அவரை வைத்திருப்பதாக ஒப்பந்தத்திலேயே இருந்ததாகச் செய்திகள் வந்தன. ஆகஸ்டில் நிறுவனம் அவரோடு சமரசத்துக்கு வந்தது; டிசம்பரில் வேறொரு நிலையத்தில் அவர் மைக் முன்னால் இருந்தார்.

உங்களுக்குத் தோன்றியிருக்காத ஆபத்து இன்னொன்று இருக்கிறது: நீக்காமல் உட்காரவைப்பது. 2023 ஏப்ரல் 24 அன்று தொகுப்பாளர் டக்கர் கார்ல்சனின் நிகழ்ச்சியை அமெரிக்காவின் ஃபாக்ஸ் செய்தி சேனல் நிறுத்தியது. ஆனால் ஒப்பந்தத்தை முடிக்கவில்லை, சம்பளமும் நிற்கவில்லை. ஜூனில் அவர் ட்விட்டரில் நிகழ்ச்சி ஆரம்பித்ததும், ஒப்பந்தத்தை மீறுகிறீர்கள் என்று நோட்டீஸ் போனது. சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குவது சுகம்தானே என்று தோன்றும். பேச்சை வைத்துப் பிழைப்பவரை ஒன்றரை வருடம் யார் கண்ணிலும் படாமல் வைத்தால், பிறகு யார் தேடுவார்கள்?

நாளைக்கே ஒரு புயல் அடித்தால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். சாக்கு சொல்லாதீர்கள். 2018 மே 29 அன்று அமெரிக்க நகைச்சுவை நடிகை ரோசேன் பார் போட்ட இனவெறி ட்வீட்டுக்காக, ரேட்டிங்கில் உச்சத்தில் இருந்த அவர் தொடரைச் சில மணி நேரத்தில் ஏபிசி ரத்து செய்தது. தூக்க மாத்திரையின் வேலை என்றார் அவர். இனவெறி எங்கள் மருந்தின் பக்கவிளைவு அல்ல என்று மருந்து கம்பெனி அறிக்கை விட்டது. உலகமே சிரித்தது. மன்னிப்பும் எப்போதும் காப்பாற்றாது: அதே ஆண்டு அக்டோபரில் இனம் தொடர்பாகப் பேசிய ஒரு பேச்சுக்காக டிவி தொகுப்பாளர் மெகின் கெல்லி அடுத்த நாள் காலையிலேயே நேரலையில் கண் கலங்க மன்னிப்புக் கேட்டார், அந்த வாரமே நிகழ்ச்சி போனது. தவறு என்று உங்களுக்கே தோன்றினால் மன்னிப்புக் கேளுங்கள், அது வேறு. வேலை மிஞ்சும் என்ற கணக்கில் கேட்காதீர்கள்.

காப்பாற்றுவது பெரும்பாலும் கூட நிற்பவர்கள்தான். 2023 மார்ச்சில் அகதிகள் கொள்கை பற்றிய ட்வீட்டுக்காக, கால்பந்து நிகழ்ச்சித் தொகுப்பாளர் கேரி லினேக்கரை பிபிசி ஒதுங்கச் சொன்னபோது சக வர்ணனையாளர்களும் வர மறுத்தார்கள். அன்றைய கால்பந்து நிகழ்ச்சி தொகுப்பாளரோ வர்ணனையோ இல்லாமல் 20 நிமிடம் ஓடி முடிந்தது. சில நாளில் அவரைத் திரும்ப அழைத்தார்கள்.

கோபத்தில் ராஜினாமா செய்யாதீர்கள். இழப்பீடு கேட்கும் உரிமையை உங்கள் கையாலேயே கிழித்துப் போடுவதாகிவிடலாம். பிரிட்டன் டிவி தொகுப்பாளர் பியர்ஸ் மார்கன், இளவரசர் ஹாரியின் மனைவி மேகனைப் பற்றிப் பேசிய சர்ச்சையில் 2021 மார்ச்சில் வேலையை விட்டார். அவர் பேச்சைப் பற்றி அந்நாட்டின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமுக்கு 57,000க்கும் மேல் புகார்கள் போயின. செப்டம்பரில் ஆஃப்காம் விதிமீறல் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் நாற்காலி கைமாறியிருந்தது.

இன்றிலிருந்தே ஒரு காரியம் செய்யுங்கள். 'இன்னும் கொஞ்சம் சூடா போகட்டும்' என்று தயாரிப்பாளர் அனுப்பும் வாட்ஸப் செய்திகளையெல்லாம் பத்திரப்படுத்துங்கள். சேனல் என்ன எதிர்பார்த்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

வெள்ளிக்கிழமை, திருத்தங்களைப் பென்சிலில் குறித்துத் தாளைத் திருப்பிக் கொடுங்கள். பேரம் பேசி, 'ஒன்றே ஒன்றுதான் தருவோம்' என்று வந்து நின்றால், ஷரத்தின் வாசகத்துக்காக மல்லுக்கட்டாதீர்கள்; அந்த வார்த்தைகளின் பொருளைக் கோர்ட்டில் நிலைநாட்டுவதற்குள் வருடங்கள் ஓடிவிடும். நிகழ்ச்சியை நிறுத்திய நாளிலிருந்து 60 நாளில் வேறெங்கும் வேலை பார்க்க எனக்கு உரிமை உண்டு, மீதிச் சம்பளமும் உண்டு என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள்.