வெறும் டிஃபெண்டர்

கேள்வி: சென்ற இதழில் ஜாக் சார்ல்டனுக்கு அரைப்பக்கம் ஒதுக்கிவிட்டு, அவர் தம்பி பாபி சார்ல்டனை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அண்ணன் வெறும் டிஃபெண்டர்தானே? 1966இல் இங்கிலாந்து உலகக் கோப்பை வாங்கியபோது அந்த அணியில் இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். பிற்பாடு அயர்லாந்துக்கு மேனேஜராகப் போய்க் கால்பந்தையே சாகடித்தவரும் அவர்தான். இவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவது நியாயமா?
(பெயர் வெளியிட வேண்டாம், சேலம்)

பதில்: பெயரை மறைத்துக்கொண்டு சண்டைக்கு வருவதும் ஒருவகைத் தடுப்பாட்டம்தான். உங்களுக்குள்ளேயே ஒரு டிஃபெண்டர் இருக்கிறார், வாழ்த்துகள்.

கடிதத்தில் மூன்று குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது அந்த ‘வெறும்’. அதை எழுதும்போது உங்கள் பேனா ஒரு நொடிகூடத் தயங்கியிருக்காது. எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். அவரையும் எல்லோரும் ‘வெறும் ப்ரூஃப் ரீடர்’ என்றுதான் சொல்வார்கள். ஒருமுறை ‘விழாவில் அமைச்சர் மகிழ்ந்தார்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘மறைந்தார்’ என்று அச்சுக் கோத்திருந்தது. இதழ் அச்சுக்குப் போக அரைமணி நேரம் இருக்கும்போது மனிதர் அதைப் பிடித்தார். அமைச்சர் பிழைத்தார், நானும் பிழைத்தேன். அதற்காக ஒரு வாசகராவது பாராட்டிக் கடிதம் போட்டாரா? போடமாட்டீர்கள். நடக்காத விபத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்? ஆனால் ஓர் ஒற்றுப்பிழை தப்பிவிட்டால் போதும், தபால்காரர் மூட்டையோடு வருகிறார். அதில் சேலத்துக் கடிதங்களும் உண்டு.

சரி, ஜாக்குக்கு வருவோம். இங்கிலாந்தின் வடகோடியில் ஆஷிங்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். அப்பா சுரங்கத் தொழிலாளி. 1966 உலகக் கோப்பை அரையிறுதியில் இரண்டு பிள்ளைகளும் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்க, அவர் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். கால்பந்து வந்தது அம்மா சிஸ்ஸி வழியில். தாய்மாமன்மார் நால்வரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். நியூகாசில் ரசிகர்கள் இன்றும் கொண்டாடும் ஜாக்கி மில்பர்ன், அம்மாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரர். இந்தப் பரம்பரைச் சொத்து முழுக்கத் தம்பி பாபியின் காலில் இறங்கிவிட்டது. அண்ணனுக்குக் கிடைத்தது நீளமான கழுத்தும் நீளமான காலும்தான். ‘ஒட்டகச்சிவிங்கி’ என்றே பட்டப்பெயர்.

பதினைந்து வயதில் பள்ளியை விட்டதும் ஜாக் சுரங்கத்துக்குப் போனார். உள்ளே இறங்கிப் பார்த்தார், இது நமக்கு ஆகாது என்று வேலையை விட்டார். போலீஸ் வேலைக்கு மனுப் போட்டார். போலீஸ் நேர்காணலும் லீட்ஸ் யுனைட்டெட் அணியின் சோதனை ஆட்டமும் ஒரே நாளில் வந்து நின்றன. ஆட்டத்துக்குப் போனார். நார்தம்பர்லாந்து போலீஸ் அன்று ஒரு நல்ல கான்ஸ்டபிளை இழந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். வழிமறித்து நிற்பதற்கென்றே செய்த உடம்பு அது.

அதற்குப் பிறகு உடனே வெளிச்சம் வந்துவிடவில்லை. 1953இல் லீட்ஸ் அணிக்கு முதல் ஆட்டம், நடுவில் ராணுவச் சேவை, பிறகு இரண்டாம் டிவிஷனுக்கும் முதல் டிவிஷனுக்கும் இடையே அல்லாடும் அணியில் பல வருடம். அந்தக் காலத்து ஜாக்கிடம் ஒரு கெட்ட பழக்கம்: பந்தை எடுத்துக்கொண்டு முன்களத்துக்கு ஓடிவிடுவார், தானும் பாபி என்ற நினைப்பில். கூட ஆடிய டான் ரெவி ஒருநாள் கடுப்பாகி, நான் மேனேஜராக இருந்தால் உன்னை அணியிலேயே சேர்க்கமாட்டேன் என்றார். நீ மேனேஜர் இல்லையே என்று திருப்பிக் கொடுத்தார் ஜாக். 1961இல் அதே ரெவி மேனேஜரானார்! நம்மில் பலர் இந்த இடத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதியிருப்போம், அல்லது பழக்கூடையோடு வீட்டு வாசலில் நின்றிருப்போம். ஜாக் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். பின்னால் நின்றார், தலையால் முட்டினார், வந்ததை உதைத்து அனுப்பினார். தம்பிக்கு ஆடத் தெரியும், ஆடத் தெரிந்தவனை ஆடவிடாமல் செய்ய எனக்குத் தெரியும் என்ற கணக்கு அவருக்குப் பிடிபட்டது அப்போதுதான். 1964இல் லீட்ஸ் முதல் டிவிஷனுக்கு ஏறியது.

அப்புறம் அந்தக் கார்னர் கிக் வித்தை. பந்து மூலையில் வைக்கப்பட்டதும் ஜாக் நிதானமாக நடந்து கோல் கோட்டுக்கே போய்விடுவார். கோல்கீப்பரின் மூக்குக்கு முன்னால் முதுகைக் காட்டி நிற்பார். தள்ளமாட்டார், இழுக்கமாட்டார், சும்மா நிற்பார். பாவம், கோல்கீப்பருக்குப் பந்தும் தெரியாது, மூலையும் தெரியாது, ஜாக்கின் பனியன் எண் மட்டும் தெரியும். விதியில் இதற்குத் தடை இல்லை. லீக் ஆட்டங்களில் மட்டும் இந்த ‘வெறும்’ டிஃபெண்டர் போட்ட கோல்கள் 70.

1965 மார்ச்சில் எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) கோப்பை அரையிறுதி மறு ஆட்டத்தில் லீட்ஸ், பாபி ஆடும் மான்செஸ்டர் யுனைட்டெடை 1-0 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும்தான் ஜாக்குக்குச் செய்தி வந்தது: இங்கிலாந்து அணியில் முதல்முறையாக இடம், முப்பது வயது ஆக ஐந்தாறு வாரம் இருக்கும்போது. ஓடினார், நேராக மான்செஸ்டர் யுனைட்டெட் உடைமாற்றும் அறைக்குள். தோற்றுப்போய்த் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள் பதினொரு பேர். நடுவில் இந்த நெட்டைமனிதர் நின்று, பாபி, என்னை இங்கிலாந்து அணிக்கு எடுத்துவிட்டார்கள் என்கிறார். தம்பி எப்படியோ வாழ்த்துச் சொன்னார். இன்னொரு வீரர், ரொம்ப சந்தோஷம், இப்போது வெளியே போ என்றார். ‘வெளியே போ’ என்பதை அவர் சொன்ன முறையை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

என்னை ஏன் எடுத்தீர்கள் என்று ஜாக் மேனேஜர் ஆல்ஃப் ராம்சேயிடமே கேட்டிருக்கிறார். என் மனதில் ஓர் ஆட்டமுறை இருக்கிறது, அதற்குப் பொருந்துகிறவர்களை எடுக்கிறேன், எப்போதும் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களையே எடுப்பதில்லை என்கிற மாதிரி பதில் வந்ததாம். இதை ஜாக்கே பின்னாளில் மேடைக்கு மேடை சொல்லிச் சிரிக்க வைத்தார்.

உங்கள் ‘அதிர்ஷ்ட’த்துக்கு வருகிறேன். 1966 உலகக் கோப்பையில் உருகுவே, மெக்சிகோ, பிரான்ஸ், அர்ஜென்டினா நான்கு அணிகளும் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு கோல்கூடப் போடவில்லை. ஐந்தாவதாக வந்த போர்ச்சுகல் அரையிறுதியில் 82ஆவது நிமிடத்தில்தான் முதல் கோலைப் போட்டது, அதுவும் பெனால்டி. ஆனால் அந்தப் பெனால்டியைக் கொடுத்தவர் ஜாக், பந்தைக் கையால் தடுத்து. இறுதியாட்டத்தில் இன்னும் மோசம். 2-1 என்று இங்கிலாந்து முன்னிலை, 89ஆவது நிமிடம், ஜாக் ஒரு ஃபவுல் செய்ததாக நடுவர் விசில் ஊதுகிறார். அந்த ஃப்ரீ கிக்கிலிருந்து மேற்கு ஜெர்மனி சமன் செய்தது. அது ஃபவுலே இல்லை என்று கடைசிவரை சாதித்தார் மனிதர். பிடித்த நூறு பிழை போக, தப்பிய இரண்டு மட்டும் கணக்கில் ஏறிவிட்டது, பாருங்கள்.

கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகள். 3-2. கேப்டன் பாபி மூர் தன் பெனால்டி கட்டத்துக்குள் பந்தை மார்பில் வாங்கி நிதானமாக நிற்கிறார். பக்கத்தில் ஜாக் தொண்டை கிழியக் கத்துகிறார், மைதானத்துக்கு வெளியே உதைத்துத் தொலை என்று. மூர் காதில் வாங்கவே இல்லை. தலையை நிமிர்த்திப் பார்த்து, ஜெஃப் ஹர்ஸ்டுக்கு ஒரு நீளமான பாஸ், கோல், 4-2. உலகம் மூரைக் கொண்டாடியது, நியாயம்தான். ஆனால் நான் ஜாக் கட்சி. பத்து தடவையில் ஒன்பது தடவை பந்தை மூன்றாவது அடுக்கு ரசிகரின் மடிக்கு அனுப்புவதுதான் புத்தி. பத்தாவது தடவைதான் படமாகச் சுவரில் தொங்குகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

அன்றிரவு விருந்து முடிந்து, ஒரு பத்திரிகை நண்பரோடு ஊர் சுற்றப் போன ஜாக், கிழக்கு லண்டனில் முன்பின் தெரியாத யாரோ வீட்டு சோபாவில் தூங்கி எழுந்தார். காலையில் தோட்டத்தில் வந்து உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்து, என்னப்பா ஜாக்கி என்கிறது. ஆஷிங்டன்காரம்மா. உலகக் கோப்பையே வாங்கினாலும் ஊர்க்காரர் கண்ணிலிருந்து தப்ப முடியாது. மறு வருடம், 1967இல், இங்கிலாந்துக் கால்பந்து நிருபர்கள் சங்கம் ஆண்டின் சிறந்த வீரராக ஜாக்கைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முந்திய வருடம் அந்தப் பட்டம் பாபிக்கு.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. ஓய்வுபெற்று மேனேஜரான ஜாக், முதல் சீசனிலேயே மிடில்ஸ்பரோ அணியை இரண்டாம் டிவிஷனில் 15 புள்ளி வித்தியாசத்தில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். 1977இல் இங்கிலாந்து மேனேஜர் பதவி காலியானது. காலி செய்துவிட்டுப் போனவர் வேறு யாருமில்லை, நம் ரெவிதான். ஜாக் முறைப்படி விண்ணப்பம் அனுப்பினார். எஃப்.ஏ. பதிலே போடவில்லை. உங்களை எடுக்கவில்லை என்றுகூட இல்லை. உங்கள் கடிதம் கிடைத்தது என்றுகூட இல்லை. உலகக் கோப்பை வாங்கிக்கொடுத்த பதினொருவரில் ஒருவருக்கு ஒரு தபால்தலை செலவழிக்க மனமில்லை!

பதில் போடாதவர்களை நான் மன்னிப்பதே இல்லை என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். வீட்டு வரி ரசீதில் என் பெயர் தப்பாக இருக்கிறது, திருத்திக் கொடுங்கள் என்று ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். பதில் இல்லை. நேரில் போனால், எழுதிப் போடுங்கள் என்றார்கள். எழுதிப் போட்டதைத்தான் கேட்க வந்தேன் என்றேன். அதையும் எழுதிப் போடுங்கள் என்றார்கள். கடைசியில் ஒருநாள் கனமான உறை ஒன்று வந்தது. ஆவலோடு பிரித்தேன். வரி பாக்கி நோட்டீஸ், அதே தப்பான பெயருக்கு. அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அதற்கு மட்டும் மூன்றே நாளில் பதில் வந்தது.

ஜாக் இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1986இல் அயர்லாந்து கூப்பிட்டது, போனார். ஒரு பெரிய போட்டிக்கும் அதுவரை தகுதி பெறாத நாடு. முதல் வாய்ப்பே 1988 ஐரோப்பியக் கோப்பை, முதல் ஆட்டமே இங்கிலாந்தோடு, ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில். ஆறாவது நிமிடத்தில் ரே ஹாட்டன் தலையால் தட்டினார், 1-0, அதோடு முடிந்தது ஆட்டம். பதினொரு வருடம் கழித்து ஜாக் தானே எஃப்.ஏ.வுக்குப் பதில் போட்டார் என்பது என் கட்சி.

கால்பந்தைச் சாகடித்தாரா? 1990இல் பலேர்மோவில் எகிப்தோடு நடந்த 0-0 ஆட்டத்தை அழகு என்று நான் சொல்லவில்லை. அதைப் பார்த்த விமர்சகர் ஈமன் டன்ஃபி அயர்லாந்துத் தொலைக்காட்சியில் பேனாவையே தூக்கி எறிந்தார். நம் இதழில் அப்போது விளையாட்டு எழுதிய நண்பர் ஒருவரும் அந்த ரகம். ஹாலந்து ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தாலே கண் கலங்குவார். அந்த ஹாலந்தோடு அயர்லாந்து 1-1 என்று முடித்த அன்று என் வீட்டில்தான் டிவி பார்த்தார். போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போனார், இன்றுவரை வரவில்லை. அந்த உலகக் கோப்பையில் அயர்லாந்து, பெனால்டியில் ருமேனியாவை வென்றது தவிர ஓர் ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை, மொத்தம் இரண்டே கோல் போட்டது, காலிறுதிவரை போனது. ரோமில் போப்பாண்டவரையும் பார்த்துவிட்டு வந்தது. நண்பர் திரும்பி வந்தால் இதை இன்னொரு தடவை சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன்.

பாபிக்கு ஏன் ஒரே வரி என்று கேட்டீர்கள். அவரைப் பற்றி எழுத ஊரே இருக்கிறது. இங்கிலாந்துக்கு 106 ஆட்டம், 49 கோல். அண்ணனுக்கு 35 ஆட்டம், 6 கோல். ஒப்பிட்டால் ஜாக்கே சிரித்திருப்பார். ஆனால் அண்ணனும் தம்பியும் தங்கள் கிளப்புகளிலிருந்து விடைபெற்றது ஒரே வருடம், 1973. அதுவரை பாபி மான்செஸ்டர் யுனைட்டெடுக்கு ஆடியவை 758 ஆட்டங்கள். ஜாக் லீட்ஸுக்கு ஆடியவை 773.