அந்தக் கம்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போ

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் கோலாலம்பூர் கெப்போங்கில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், கணவர் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறார். ஆறு மாதமாக வீட்டுச் சாமான் விற்கும் நேரடி விற்பனையில் இருக்கிறேன். இதுவரை லீடரோடுதான் போய்வந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாகத் தனியாக டெமோ செய்யப் போகிறேன். செந்தூலில், கணவரின் சித்தி மகள் வீட்டில். பத்துப் பேர் வருவார்கள்.

எதை எடுத்துப் போவது என்பதுதான் என் பிரச்சினை. மூடி போட்ட டப்பாக்கள், ஒட்டாத சட்டி செட், இண்டக்‌ஷன் அடுப்பு, மிக்சி, தண்ணீர் வடிகட்டி, முகம் வெளுக்கும் கிரீம் எல்லாம் இருக்கின்றன. மைவி காரின் பின்பக்கம் அத்தனையும் கொள்ளாது. ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டவும் முடியாது. விலை கூடியதை முதலில் வை, மற்றதெல்லாம் மலிவாகத் தெரியும் என்கிறார் லீடர். எதை மறந்தாலும் தண்ணீரில் இறக்கிக் கரண்ட் விட்டுக் காட்டும் கம்பியை மறக்காதே, குழாய்த் தண்ணீர் பழுப்பாவதைப் பார்த்தால் பாதிப் பேர் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்கிறார். டப்பர்வேரே திவால் மனு கொடுத்த காலத்தில் டப்பாவை யார் வாங்குவார்கள் என்றும் கேட்கிறார். மேசை விரிப்பு என்ன நிறம் நல்லது? வருகிறவர்களுக்குச் சின்னப் பரிசு கொடுக்கலாமா?

உங்கள் அம்மா டப்பா விற்றதைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

எஸ்., கெப்போங்

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா என்று அழைத்துவிட்டாய், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த வாரம் அம்மாவின் முதல் வருடத் திதிக்காக வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்களை மேல்தட்டில் ஒரு கரும்பச்சை டப்பா அகப்பட்டது. உள்ளே அரை டப்பா கடுகு. மூடியின் ஓரத்தைத் தூக்கினால் இன்னும் அந்த 'ப்ஸ்' சத்தம் வருகிறது. அம்மா வாங்கி முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். டப்பாவை யார் வாங்குவார்கள் என்று உன் லீடர் கேட்டதற்கு இதுவே போதும். 2024-இல் அந்தக் கம்பெனி அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு மனு கொடுத்தது உண்மைதான். அதற்காகச் செந்தூலில் எறும்பு சர்க்கரையை விட்டுவிடப் போவதில்லை.

விரிப்பு எந்த நிறமாக இருந்தால் என்ன? அந்த வீட்டு மேசையில் கிடப்பதே போதும். பரிசு வேண்டாம். கையில் ஒன்றைத் திணித்துவிட்டால் வாங்காமல் எழுந்து போக அவளுக்குக் கூச்சமாகிவிடும்.

அம்மா எப்படித் தேர்ந்தெடுப்பாள் என்று சொல்கிறேன். பினாங்கு ஆயர் ஈத்தாமில், ரைஃபிள் ரேஞ்ச் பிளாட்டில் அப்போது குடியிருந்தோம். ஜெலுத்தோங், குளுகோர், சில சமயம் ஃபெரி ஏறி பட்டர்வொர்த் வரை போவாள். பஸ்தான். பையின் ஒரு காதை அவள் பிடிக்க, மறு காதை நான் பிடிப்பேன். அதனால் ஆறு பொருளுக்கு மேல் எடுத்ததில்லை. எந்த ஆறு என்பதை அவள் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யமாட்டாள். முந்தின வாரமே அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்வருவாள். குடிக்கத் தண்ணீர் கேட்பாள். "நீ ஏன் எழுந்திரிக்கிற, நானே மொண்டுக்கிறேன்" என்று நேரே அடுக்களைக்குள் போய்விடுவாள். தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே சர்க்கரை டின் நிற்கிறதா, நெத்திலிப் பொட்டலம் ரப்பர் பேண்டு போட்டுத் தொங்குகிறதா, பிஸ்கட் டின்னின் வாயில் செய்தித்தாள் அடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள். மறுவாரம் அந்த மூன்றுக்கும் மூன்று டப்பா போகும். எறும்புத் தட்டு வைத்திருந்தவளிடம் அம்மா எதையும் விளக்க வேண்டியிருக்காது. மூடியை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, உள்ளே ரோஸ் சிரப் ஊற்றி, டப்பாவை என் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடிப்பாள். ஒரு சொட்டு விழாது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பேன்.

இன்னொன்று, நம்மவர் வீட்டுக்கு வெள்ளை டப்பா எடுத்துப் போகவே மாட்டாள். ஒரு இரவு கறிக்குழம்பை வைத்தால் போதும், காலையில் டப்பா மஞ்சளாகியிருக்கும். மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரைந்து பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடும், தேய்த்தால் போகாது. இறால் விழுது போட்ட சம்பால் பிளாச்சான் வாசம் அதைவிட மோசம். கரும்பச்சை, அரக்கு, காப்பி நிறம் இவைதான் அவள் பையில் இருக்கும். யாராவது வெள்ளைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், கறை விழுந்ததும் இரண்டு நாள் வெயிலில் காயவை, மஞ்சள் மங்கிவிடும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் ஆர்டர் எழுதுவாள். கம்பெனிக் கையேட்டில் இதெல்லாம் இருந்திருக்காது.

டப்பாவை ஏன் வீட்டுக்கு எடுத்துப் போய் விற்க ஆரம்பித்தார்கள் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தார்களா? டப்பர்வேரை உண்டாக்கிய ஏர்ல் டப்பர் 1946-இல் அதைக் கடைக்குக் கொண்டுவந்தபோது சரியாக விற்கவில்லை. அந்த மூடியை எப்படிப் போடுவது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியவில்லை. பிரௌனி வைஸ் என்ற பெண்தான் வீடு வீடாகப் பெண்களைக் கூட்டி, கையால் அமுக்கிக் காட்டி விற்றார். அதைப் பார்த்துவிட்டு 1951-இல் கடைகளிலிருந்து எடுத்துவிட்டு, வீட்டில் மட்டுமே விற்பது என்று முடிவு செய்தார்கள். கையால் செய்து காட்டினால்தான் புரியும் என்கிற பொருளை எடுத்துப் போ. விலையை வைத்து வரிசை போடாதே. 2,000 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள பொருளைக் காட்டிவிட்டு 200 வெள்ளியை மலிவாக்குவது எதற்கு? 200 வெள்ளி அந்த வீட்டுக்கு எப்போதும் 200 வெள்ளிதான். கிராப் ஓட்டுகிறவரின் மனைவி உனக்கு இது தெரியாதா?

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியச் சட்டி சூடேறாது. காந்தம் ஒட்டுகிற, தட்டையான அடி வேண்டும். உருண்டை அடிக் குவாலிச் சட்டியில் தாளிக்கிற வீட்டுக்கு அதை எடுத்துப் போனால் அடுப்போடு புதுப் பாத்திரமும் வாங்க வைக்க வேண்டிவரும். மிக்சி சரி, சிரிம் தரச்சான்று ஸ்டிக்கர் இருந்தால், பிளக் நம் மூன்று தட்டைக் கால் பிளக்காக இருந்தால். கிரீமை எடுத்துப் போகாதே. பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்த முகக் கிரீம்களைப் பற்றிச் சுகாதார அமைச்சு எத்தனை தடவை எச்சரித்துவிட்டது! கலக்காத நல்ல கிரீமாகவே இருக்கட்டும். பத்துப் பேர் நடுவில் ஒரு கறுத்த பெண்ணின் கன்னத்தைப் பிடித்து, "இங்கே பாருங்க" என்று காட்டித்தானே அதை விற்கிறீர்கள்? உன் பிள்ளைகளில் ஒன்று பெண்ணாக இருந்தால் அவள் கன்னத்தை யாராவது அப்படிப் பிடிக்க விடுவாயா?

இனி அந்தக் கம்பி. இதற்காகத்தான் உட்கார்ந்து இவ்வளவும் எழுதுகிறேன்.

2001. அம்மா டப்பா விற்பதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. கோவிலில் பழக்கமான ஒரு பெண் வந்து, "உங்க வீட்டுல ஒரு சின்ன டெமோ வச்சிக்கிறேங்க்கா" என்றார். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். தானும் ஒரு காலத்தில் இப்படி அலைந்தவள் என்பதால் அம்மா உடனே ஒத்துக்கொண்டாள். மாடியில் இருந்த ஒன்பது பேரை அழைத்தாள். கட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி, மிக்சர், வாழைப்பழப் பலகாரம் எல்லாம் வைத்தாள்.

அந்தப் பெண் இரண்டு கண்ணாடித் தம்ளரை மேசையில் வைத்தார். ஒன்றில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த வடிகட்டித் தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி, சுவரில் பிளக்கைச் சொருகினார். வடிகட்டித் தண்ணீர் அப்படியே இருந்தது. எங்கள் தண்ணீரில் முதலில் குமிழ், பிறகு மஞ்சள், பிறகு துருப்பிடித்த பழுப்பு. கடைசியில் சாக்கடைபோல ஒரு கசடு மேலே மிதந்தது. "இதைத்தான் இத்தனை வருசமா பிள்ளைங்களுக்குக் குடுத்திருக்கீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

அந்த அறையில் ஒருவரும் பேசவில்லை. ஒன்பது தேத்தண்ணித் தம்ளரும் அவரவர் முன்னால் இருந்தன. அதற்குமேல் யாரும் ஒரு வாய் குடிக்கவில்லை. எல்லாத் தம்ளரிலும் ஆடை படிந்து சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே அம்மா நின்றாள். முதல் கையெழுத்து அவளுடையதுதான். மாதம் 180 வெள்ளி, 12 மாதம். தையல் காசு. மூன்றாம் வருடம் உள்ளே இருக்கிற வடிகட்டியை மாற்றப் பணம் இல்லை. மாற்றாமல் குடிப்பது அதைவிடக் கெடுதல் என்று யாரோ சொல்ல, கழற்றி வைத்துவிட்டோம். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்களுக்கு அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்ததே இல்லை. பாக்கெட் பானம்தான் வாங்கி வைப்பாள்.

அந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? கம்பியிலிருந்து. கம்பி இரும்பு. குழாய்த் தண்ணீரில் இயல்பாகவே கொஞ்சம் கால்சியம், மக்னீசியம் போன்ற உப்புகள் கரைந்திருக்கும். அவை இருப்பதால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகும். அந்தத் துருவைத்தான் அழுக்கு என்று காட்டுகிறார்கள். நுண்ணிய சவ்வு வழியே வடிக்கும் ஆர்.ஓ. வடிகட்டி அந்த உப்பை எடுத்துவிடுவதால் மின்சாரம் ஏறக்குறைய பாய்வதே இல்லை, இரும்பும் கரைவதில்லை, தண்ணீர் தெளிவாக இருக்கிறது. தண்ணீர் குடிக்க நல்லதா கெட்டதா என்று அந்தக் கம்பிக்குத் தெரியாது. உப்பு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

நம்பாவிட்டால் செய்து பார். வீட்டுக் கரண்ட்டைத் தொடாதே, உயிருக்கு ஆபத்து. 9 வோல்ட் பேட்டரி ஒன்று, இரும்பு ஆணி இரண்டு, கொஞ்சம் ஒயர் போதும். உன் கம்பெனியின் வடிகட்டித் தண்ணீரையே எடுத்து ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போடு. ஆணிகள் ஒன்றையொன்று தொடாமல் இறக்கு. கால் மணி நேரத்தில் அந்தச் சுத்தமான தண்ணீரும் சாக்கடையாகும்.

என் மகன் இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கில் வேதியியல் படித்தபோது இதை எனக்குச் சொன்னான். அன்று சாயங்காலமே அம்மாவை அடுக்களையில் உட்காரவைத்துச் செய்து காட்டினோம். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம்ளருக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபப்படுவாள், அந்தப் பெண்ணைத் திட்டுவாள் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து, "அப்ப அன்னிக்கு அவுங்க அந்தத் தேத்தண்ணியைக் குடிச்சிருக்கலாம்" என்றாள்.

வடிகட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோலாலம்பூரில் தண்ணீர் தடை முடிந்து குழாயைத் திறந்தால் முதலில் கலங்கலாக வருவது உனக்குத் தெரியும். பழைய பிளாட்டுகளில் தொட்டியும் குழாயும் எந்த நிலையில் இருக்கின்றனவோ. வண்டலைப் பிடிக்க வடிகட்டி உதவும். அதைச் சொல்லி விற்கலாம். வருடத்துக்கு உள்வடிகட்டி மாற்ற எவ்வளவு ஆகும் என்பதையும் முதலிலேயே சொல். வீடு தேடி வந்து விற்கிறவரிடம் போட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்ய, 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் 10 வேலை நாள் அவகாசம் தருகிறது. அதையும் சொல். அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. இதையெல்லாம் சொன்னால் விற்காது என்று லீடர் சொல்வார். அப்படியானால் வடிகட்டியும் காரிலேயே இருக்கட்டும். கம்பி காருக்குள்ளும் வேண்டாம்.

நீ பொய் சொல்லும் பெண் இல்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. அந்தப் பெண்ணும் பொய் சொல்லவில்லை. அவருக்கு யாரோ சொன்னதை நம்பித்தான் எங்கள் வீட்டில் வந்து சொன்னார். ஆனால் இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் எடுத்துப் போனால் தெரிந்தே எடுத்துப் போகிறாய்.

என்ன எடுத்துப் போவது என்றுதானே கேட்டாய்? சனிக்கிழமை அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் அடுக்களையைப் பார்த்துவிட்டு வா. டப்பாக்களில் கருத்த நிறமாக நாலைந்து எடுத்துக்கொள், மிக்சியை எடுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்ததும் சித்தி மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். பையைத் திறப்பதற்கு முன்னால் அதை முழுவதும் குடித்துவிடு.

அன்புடன்,
அக்கா