டீனைக் கொன்றது கம்பியா, கதாசிரியரா?

கேள்வி: ஆசிரியருக்கு வணக்கம். ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரை எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் ஆரம்பித்தேன். 15 சீசன், 327 எபிசோட். ஒன்றுவிடாமல் பார்த்தேன்! போன வாரம் கடைசி எபிசோட். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. சாத்தானை வென்றவன், மரணத்தையே எதிர்த்து நின்றவன், கடவுளைத் தோற்கடித்தவன் டீன் வின்செஸ்டர். அவனை ஒரு பழைய கொட்டகையில், ஏதோ நாலு ரத்தக் காட்டேரிகளோடு நடந்த சில்லறைச் சண்டையில், தூணில் துருத்திக்கொண்டிருந்த கம்பியில் குத்திக் கொன்றுவிட்டார்கள்! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதை இதுதானே? கிழவன் வேஷத்தில் சாமுக்கு வைத்த விக்கைப் பற்றிப் பேசவே நான் தயாராக இல்லை. தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி நினைத்தபடி ஐந்தாம் சீசனோடு நிறுத்தியிருக்கலாம். எழுதியவர்கள் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாமா? இப்போது என் தம்பி முதல் சீசனை ஆரம்பித்திருக்கிறான். தடுத்துவிடட்டுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: பெயர் வேண்டாம் என்று எழுதிவிட்டு நாலு பக்கம் கொட்டியிருக்கிறீர்கள். மேலே இருப்பது நாங்கள் வெட்டிச் சுருக்கியது. ஆச்சரியக்குறிகளில் இரண்டை மட்டும் விட்டுவைத்தோம்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்கத் தொடர் இது. 2005 செப்டம்பரில் தொடங்கி 2020 நவம்பர் 19 வரை ஓடியது. பேய், பிசாசு, காட்டேரி என்று எதையெல்லாம் வேட்டையாட முடியுமோ அதையெல்லாம் வேட்டையாடும் அண்ணன் தம்பி, டீனும் சாமும். கூடவே 1967 மாடல் இம்பாலா கார் ஒன்று. நான்காம் சீசனில் கஸ்டியல் என்ற தேவதூதர் வந்து சேர்ந்து, இருவருக்கும் மூன்றாவது சகோதரன் போல ஆகிவிடுகிறார். சிலருக்கு அதற்கும் மேலே. அதைப் பின்னால் பேசுகிறேன்.

இனி உங்கள் வழக்கு. கோபப்பட வேண்டிய எபிசோட்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கோபப்படுகிற இடம் தப்பு.

கம்பியை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் சீசனில் ஒரே செவ்வாய்க்கிழமை திரும்பத் திரும்ப விடியும் எபிசோட் ஒன்று உண்டே, ஞாபகம் இருக்கிறதா? அதில் டீன் நூறு தடவைக்கு மேல் சாகிறான். சுடப்பட்டு, காரில் அடிபட்டு, குளியலறையில் வழுக்கி, சாப்பாடு தொண்டையில் அடைத்து. அப்போது விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். ‘இவனும் மனுஷன்தான், எதனாலும் சாவான்’ என்பதை 2008-லேயே தொடர் சொல்லிவிட்டது. அன்றைக்கு அது வேடிக்கை, இன்றைக்கு நிஜம். அவ்வளவுதான் வித்தியாசம். கடவுளை வென்றவன் கம்பிக்குச் சாகக்கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. சொல்லப்போனால், பேயை விரட்ட இவர்கள் பதினைந்து வருஷமாகக் கையில் எடுத்தது உப்பும் இரும்பும்தான். அந்த இரும்பே கடைசியில் முதுகில் ஏறுகிறது. எழுதியவர்கள் இதை யோசித்துத்தான் வைத்தார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. யோசித்திருந்தால் ஒரு வரியாவது பேசவைத்து அதையும் கெடுத்திருப்பார்கள்.

அடுத்து, அந்தச் சாவில் நீங்கள் கவனிக்காமல் போனது ஒன்று இருக்கிறது. கம்பியோடு நின்றபடி டீன் சாமிடம் என்ன கேட்கிறான்? என்னைத் திரும்பக் கொண்டுவர முயற்சி பண்ணாதே என்கிறான். இந்தக் குடும்பத்தின் வியாதியே அந்த முயற்சிதான். இரண்டாம் சீசன் தொடக்கத்தில் டீனைக் காப்பாற்ற அப்பா ஜான் தன்னையே பேரம் பேசிக் கொடுத்தார். அதே சீசன் முடிவில் சாம் செத்தபோது டீன் தன் ஆத்மாவை அடகு வைத்தான், ஒரு வருஷத் தவணையில். தவணை முடிந்ததும் நரகத்து நாய்கள் வந்து வசூல் செய்துகொண்டு போயின. அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனிலும் ஒருவன் சாக, இன்னொருவன் உலகத்தையே பணயம் வைக்க, அதனால் இன்னொரு ஊழிக்காலம் வர, கதை வட்டமடித்துக்கொண்டே இருந்தது. இங்கே ஒருவன் ‘போதும், விடு’ என்கிறான். மற்றவன், அழுதுகொண்டேதான் என்றாலும், விடுகிறான். 327 எபிசோடில் அவர்கள் செய்யத் திணறியது இந்த ஒன்றைத்தான். இதைச் சில்லறைச் சாவு என்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை.

பிறகு ஏன் எனக்கும் அந்த எபிசோட் பிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். உப்பு என்றேன் அல்லவா, அங்கிருந்தே வருகிறேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. உப்பை வைத்தே பிழைப்பு நடத்திய இந்தத் தொடருக்கு அது தெரியாமல் போனது.

கடைசிக்கு இரண்டு எபிசோட் முன்னால், நவம்பர் 5-ஆம் தேதி, கஸ்டியல் போகிறார். தனக்கு உண்மையான மகிழ்ச்சி கிடைக்கிற நொடியில், செத்த தேவதூதர்கள் போய்ச்சேரும் ‘வெறுமை’ வந்து தன்னை எடுத்துக்கொள்ளலாம் என்று முன்பே ஒரு ஒப்பந்தம் போட்டவர் அவர். கதவுக்கு வெளியே மரணம் நிற்கிறது, உள்ளே டீன். டீனைக் காப்பாற்ற ஒரே வழி, அந்த வெறுமையை வரவழைப்பது. வரவழைக்க ஒரே வழி, மகிழ்ச்சி. ‘உன்னை நேசிக்கிறேன்’ என்று டீனிடம் சொல்கிறார். சொன்னதே மகிழ்ச்சி. வெறுமை வருகிறது, எடுத்துக்கொண்டு போகிறது. அந்த நேசம் எந்த வகை என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். எந்த வகையாக இருந்தாலும் அது ஒரு கடன். டீன் வாய் திறந்து ஒரு பதில் சொல்ல வேண்டிய கடன்.

கடைசி எபிசோடில் அந்தக் கடனுக்கு என்ன வரவு? போகிற போக்கில் ஒரு பேர் சொல்லல். சொர்க்கத்தில் பாபி உட்கார்ந்திருக்கிறார், இவர்களுக்கு அப்பா மாதிரி இருந்த பழைய வேட்டைக்காரர். புதுக் கடவுளான ஜாக் வந்து இங்கே சுவர்களையெல்லாம் இடித்துவிட்டான், கஸ்டியலும் கைகொடுத்தார் என்கிறார். டீன் ஒரு புன்னகை புன்னகைக்கிறான். அவ்வளவுதான். எங்கே இருக்கிறார் என்று கேட்கவில்லை, பார்க்கவேண்டும் என்று சொல்லவில்லை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். அந்த எபிசோடில் டீனின் நாய்க்குக் கிடைத்த இடத்தில் பாதிகூட கஸ்டியலுக்குக் கிடைக்கவில்லை. நாய் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நல்ல நாய்.

இரண்டாவது கடன் ஐலீன். காது கேளாத வேட்டைக்காரி. சாம் மனசு வைத்த பெண். செத்தவளை உயிரோடு திரும்பக் கொண்டுவந்து, சாமோடு மெல்ல நெருங்கவைத்து, கடைசி சீசனின் பதினெட்டாவது எபிசோடில் கைப்பேசியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே மறையவைத்தார்கள். பத்தொன்பதில் மறைந்த மனிதர்கள் எல்லாம் திரும்பி வருகிறார்கள். ஐலீன் வந்தாளா? யாரும் கேட்கவில்லை, சாம் உட்பட. இருபதில் சாமுக்குப் பிள்ளை இருக்கிறது. பின்னணியில் ஒரு பெண் மங்கலாகத் தெரிகிறாள். முகம் கிடையாது. யார் என்று நாமே நிரப்பிக்கொள்ள வேண்டுமாம்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் ஷூட்டிங் நின்றபோது கடைசி இரண்டு எபிசோடுகள்தான் பாக்கி. ஆகஸ்டில் திரும்பத் தொடங்கி, ஆயிரம் கட்டுப்பாட்டோடு செப்டம்பரில் முடித்தார்கள். பழைய முகங்களையெல்லாம் சொர்க்கத்தில் ஒன்றுகூட்டும் யோசனை அதில்தான் அடிபட்டுப் போனது. நடிகர்களைக் கூட்ட முடியவில்லை என்பது நிஜமான காரணம்தான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கொட்டகைச் சண்டையில் திடீரென்று ஒரு காட்டேரி முகத்தைக் காட்டுகிறாளே, ஜென்னி. யார் அவள் என்று உங்களுக்கு உடனே தெரிந்ததா? முதல் சீசனில் ஒரே ஒரு எபிசோடில் வந்தவள். அவளை நினைவு வைத்துத் தேடிப் பிடித்து, வரவழைத்து, வந்த வேகத்தில் தலையைச் சீவி அனுப்ப முடிந்திருக்கிறது. ஐலீனிடமிருந்து சாமின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரவைக்க எந்த நடிகையும் தேவையில்லை. பிள்ளையோடு கிழவன் சாம் சைகை மொழியில் ஒரு சொல் பேசியிருந்தால் போதும், அவள் யார் என்று விளங்கியிருக்கும். அதற்கு எந்தக் கிருமியும் குறுக்கே நிற்கவில்லை. எழுதுகிறவருக்கு நினைப்பு இல்லை, அவ்வளவே. எழுதிய ஆண்ட்ரூ டாப், அப்போது தொடரின் பொறுப்பில் இருந்த இருவரில் ஒருவர். மற்றவர் இயக்கிய ராபர்ட் சிங்கர். வெளியாள் வந்து கெடுத்துவிட்டான் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

இன்னொன்று. இதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். இந்தத் தொடரில் கடவுள் யார்? சக். எழுத்தாளர். வின்செஸ்டர் சகோதரர்களின் கதையை நாவல்களாக எழுதிக் குவித்த ஆள். கடைசி சீசன் முழுக்கச் சண்டையே அதுதான்: நீ எழுதுகிற கதையில் நாங்கள் வாழ மாட்டோம். பத்தொன்பதாவது எபிசோடில் எழுத்தாளர் பேனா பிடுங்கப்பட்டு, வெறும் மனிதனாக மண்ணில் கிடக்கிறார். இனி இவர்கள் கதையை இவர்களே எழுதலாம். சரி, அப்படி எழுதப்பட்ட முதல் கதையே டீனின் மரணமா? சுதந்திரம் என்றால் கம்பிக்குச் சாகிற சுதந்திரமும் சேர்த்திதான் என்று வாதாடலாம். நல்ல வாதம். ஆனால் அதற்கு முன்னால், அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு டீன் என்ன செய்யப் பார்த்தான் என்று நமக்குக் காட்டியிருக்க வேண்டாமா? காட்டினார்கள், கண்மூடித் திறக்கும் நேரத்துக்கு. அவன் மேசையில் ஒரு வேலை விண்ணப்பப் படிவம் கிடக்கிறது. மறுபடி பார்த்தால் தெரியும். பேய் வேட்டையை விட்டுவிட்டு ஒரு வேலைக்குப் போக டீன் நினைத்திருக்கிறான்! எபிசோடின் சாவியே அதுதான். அதை மேசையிலேயே மறந்து வைத்துவிட்டு, பலகாரத் திருவிழாவுக்குக் கூட்டிப்போய் நம்மைச் சிரிக்கவைத்து நேரத்தைப் போக்கினார்கள். அந்தப் படிவத்தைப் பற்றி அண்ணனும் தம்பியும் காரில் இரண்டு நிமிஷம் பேசியிருந்தால், கொட்டகையில் அந்தக் கம்பி உங்களையும் குத்தியிருக்கும். இப்போது வெறும் எரிச்சலோடு நின்றுவிட்டது.

ஐந்தாம் சீசனோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். கிரிப்கியின் திட்டம் அதுதான், முடிவும் அழகான முடிவு. சாம் பாதாளத்தில் குதிக்கிறான், டீன் துப்பாக்கியை ஏறக்கட்டிவிட்டு பழைய காதலி லிசாவின் வீட்டுக்குப் போகிறான். அந்த எபிசோடிலேயே சக் சொல்வார், முடிவு எழுதுவதுதான் கஷ்டம், எப்படி எழுதினாலும் ரசிகர்கள் புலம்பத்தான் செய்வார்கள் என்று. 2010-லேயே உங்கள் கடிதத்தை எதிர்பார்த்திருக்கிறார்கள். ஆனால் அங்கே நிறுத்தியிருந்தால் ஐலீன் கிடையாது, ஜாக் கிடையாது, கஸ்டியலின் அந்த வாக்குமூலமும் கிடையாது. உங்கள் நாலு பக்கத்தில் இரண்டு பக்கம் ஐந்தாம் சீசனுக்குப் பிறகு வந்த காட்சிகளைப் புகழ்ந்து எழுதியது. (வெட்டியது நான்தான்.) இரண்டையும் ஒரே கையால் எழுதியிருக்கிறீர்கள்.

மன்னிப்பா? எதற்கு? மோசமாக எழுதியதற்கு எழுத்தாளன் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால் எங்கள் பத்திரிகையில் மற்ற பக்கங்களுக்கு இடம் இருக்காது. வேண்டுமானால் இன்னொன்றைச் சொல்கிறேன்: அவர்கள் ஒட்டுப்போட முயன்று பார்த்தார்கள். 2022-இல் டீன், சாமின் அப்பா அம்மாவின் இளமைக் காலத்தை வைத்து ஒரு முன்கதைத் தொடர் வந்தது. டீனின் குரலே கதை சொன்னது. சொர்க்கத்தில் காரை எடுத்துக்கொண்டு எங்கே போனான் என்பதற்கும் அதில் ஒரு பதில் வைத்தார்கள். 13 எபிசோட், ஒரே சீசன், மூடிவிட்டார்கள். கஸ்டியல் கணக்கு அதிலும் தீரவில்லை.

விக் விஷயத்தில் உங்களோடு முழு உடன்பாடு.

தம்பியைத் தடுக்காதீர்கள். பத்தொன்பதோடு நிறுத்திவிடச் சொல் என்று பலர் யோசனை சொல்வார்கள். அதன் முடிவில் இருவரும் காரில் போவதோடு, பழைய காட்சிகளையும் கோத்துக் காட்டுவார்கள். நிறுத்த வசதியான இடம்தான். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இருபதையும் பார்க்கட்டும். நீங்கள் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கொட்டகை வரும்போது முன்கூட்டியே பெருமூச்சு விடாதீர்கள். பார்த்துவிட்டு அவன் உங்களோடு சண்டைக்கு வந்தால் அந்தக் கடிதத்தையும் எனக்கு அனுப்புங்கள். இரண்டு பக்கத்துக்குள்.