புது அன்டிபயோட்டிக் எங்கே?

கேள்வி: அம்மாவுக்குச் சிறுநீர்க்கடுப்பு போவதும் வருவதுமாக இருக்கிறது. சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட்டில் முக்கால்வாசி மருந்துக்கு நேரே ‘ஆர்’ என்று போட்டிருக்கிறார்கள், அதெல்லாம் பிடிக்காதாம். வருஷா வருஷம் புது போன் வருகிறது, புது மருந்து ஏன் வருவதில்லை? எங்கள் தேயிலை மலை மண்ணிலேயே அன்டிபயோட்டிக் இருக்கலாம் என்கிறான் மகன். உண்மையா?
— வாசகி ஒருவர், பொகவந்தலாவ

பதில்: மகனைக் கேலி செய்துவிடாதீர்கள். டிபிக்கு முதலில் கைகொடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்துதான் கிடைத்தது. பிறகு ஊர் ஊராக மண்ணைக் கிளறினார்கள், கண்டதே மறுபடி மறுபடி வந்ததால் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். மண்ணிலுள்ள பக்டீரியாவில் நூற்றுக்கு ஒன்றுகூட ஆய்வுகூடத் தட்டில் வளராது, அதுதான் தொல்லை. அப்புறம் அமெரிக்காவில் சிலர், பொடித் துளைகள் போட்ட தகட்டில் துளைக்கு ஒரு பக்டீரியா வீதம் அடைத்து, இரண்டு பக்கமும் மெல்லிய சவ்வை ஒட்டி, திரும்ப மண்ணுக்குள்ளேயே வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியே தெரிந்த டெய்க்ஸோபாக்டின் என்ற அன்டிபயோட்டிக் அப்படிக் கிடைத்ததுதான்.

ஆனால் சிறுநீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலையிடம் அந்த மருந்து செல்லாது. அந்தக் கிருமிக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது, பல மருந்து உள்ளேயே நுழையாது, தப்பித்தவறி நுழைந்ததையும் பம்ப் வைத்து வெளியே தள்ளிவிடும்!

இதையும் தாண்டி மருந்து கண்டுபிடித்தால் காசு இடிக்கிறது. பிரஷர் மாத்திரையை ஆயுசு முழுக்க விழுங்குவார்கள், அன்டிபயோட்டிக்கோ சில நாளில் முடிந்துவிடும், அதிலும் புதியது என்றால் ‘கடைசிக்கு இருக்கட்டும்’ என்று டொக்டர்மார் எடுத்துவைப்பார்கள். அது சரிதான், ஆனால் விற்காத மருந்தை வைத்துக் கம்பெனி எப்படிப் பிழைக்கும்? அக்கேயோஜன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பிளாசோமைசினுக்கு 2018இல் அனுமதி கிடைத்தது, அடுத்த வருஷமே கம்பெனி திவாலானது. இப்போது பிரிட்டனில், எவ்வளவு பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் வருஷத்துக்கு இவ்வளவு என்று சில மருந்துக்குப் பணம் கட்டுகிறார்கள். எனக்கு இதுதான் நடக்கக்கூடிய வழியாகத் தெரிகிறது.

புதிதாக ஒன்றுமே வரவில்லை என்றும் இல்லை, 2025 மார்ச்சில் சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு ஜெபோடிடாசின் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். ரிப்போர்ட்டில் ‘எஸ்’ போட்ட மருந்து பிடிக்கக்கூடியது, ஆகவே பழைய மருந்துத் துண்டைக் காட்டி டவுன் பார்மசியில் வாங்காமல் ரிப்போர்ட்டோடு டொக்டரிடம் போங்கள். அடிக்கடி வருவதால் அம்மாவுக்குச் சீனி வருத்தமோ கல்லோ இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.