புருவ வேக்ஸில் தோல் உரிந்தால்

மெழுகு சூடு சரியாக இருந்தும் ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் புருவத்துக்குக் கீழே தோல் உரிந்து சிவந்துவிட்டது என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் மெழுகின் மேல் இல்லை, அவர் ராத்திரி பூசும் கிரீம் மேல்தான். "முகத்துக்கு ஏதாவது போடுறீங்களா?" என்றால் "ஒண்ணுமில்லை" என்பார்கள். தோலின் மேலடுக்கை உரிய வைக்கும் மருந்துகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: டிரெட்டினாயின், அடாப்பலீன், கிளைகாலிக் ஆசிட். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் வெள்ளையாக்கும் கிரீம்களில் டிரெட்டினாயினோடு ஸ்டீராய்டும் சேர்ந்திருப்பதுண்டு; தோலை மெலிய வைத்துவிடும். பூசுகிறவர் என்றால் ஒரு வாரமாவது நிறுத்திவிட்டு வரட்டும். பருவுக்கு ஐசோடிரெட்டினாயின் மாத்திரை என்றால், முடித்து ஆறு மாதம் வரை வேக்ஸே வேண்டாம். கத்தரித்து, பிளக்கரால் ஒன்றிரண்டு எடுத்துவிட்டால் போதும்.

அப்புறம் கை வேலை. இமைப் பக்கத் தோலை விரலால் இழுத்துப் பிடித்து, பட்டையை மேலே தூக்காமல் தோலை ஒட்டியே இழுங்கள். விட்டுப்போன முடிக்கு அதே இடத்தில் மறுபடி மெழுகு வைக்கவே கூடாது.

இப்போதைக்கு அவரை வாசலின் மட்டும் மெல்லிசாகத் தடவச் சொல்லுங்கள். உரியும் தோலைப் பிய்க்க வேண்டாம், வெயில் படாமல் பார்க்கட்டும். நீர் கோத்தாலோ சீழ் வைத்தாலோ தோல் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.