டர்பன் வெயிலில் ஹாம்ஸ்டருக்கு எந்த மாதிரிக் கூண்டு சரிப்படும்?

கேட்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் சின்ன ஃபிளாட்டில் இருக்கிறார். மகள் ஹாம்ஸ்டர் (எலி மாதிரி ஒரு சின்ன வளர்ப்புப் பிராணி) கேட்கிறாள். கடையில் குழாயும் மாடியும் வைத்த கலர் கூண்டைக் காட்டுகிறார்கள், அதையே வாங்கலாமா என்கிறார்.

வாங்க வேண்டாம். அந்தக் கலரும் குழாயும் நம் கண்ணுக்குத்தான். ஹாம்ஸ்டருக்குக் கண்பார்வையே சுமார். மாடியிலிருந்து விழுந்தால் காலை உடைத்துக்கொள்ளும். எவ்வளவு உயரம் என்று அதற்குத் தெரியாது. அதற்கு வேண்டியது இரண்டே இரண்டு: ஓட நீளமான தரை, தோண்ட ஆழமான படுக்கை.

கடையில் பெரும்பாலும் விற்பது சிரிய ஹாம்ஸ்டர். 1930இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போ பக்கத்து வயலில் ஒரு தாயையும் குட்டிகளையும் தோண்டி எடுத்தார். இன்று வீடுகளில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே அந்தக் குடும்பத்தின் வாரிசுகள். அந்த ஊர் வயல்களில் அவற்றின் வளைகளை அளந்து பார்த்தபோது சராசரி ஆழம் 65 செ.மீ.; சில வளைகள் ஒரு மீட்டரையும் தாண்டின. இத்தனை தலைமுறை கூண்டில் கழிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. 2006இல் வெளியான ஒரு சுவிஸ் ஆய்வில் 10, 40, 80 செ.மீ. என மூன்று ஆழத்தில் மரச்சீவல் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 10 செ.மீ. கிடைத்தவை கூண்டுக் கம்பியை அதிகமாகக் கடித்தன, 80 செ.மீ. கிடைத்தவற்றில் கம்பி கடித்தது ஒன்றுகூட இல்லை. கடைக் கூண்டின் அடித்தட்டில் நான்கு விரல் ஆழம்கூட நிரப்ப முடியாது. அப்புறம் ராத்திரி முழுக்கக் கம்பி கடிக்கும் சத்தத்தில் உங்களுக்கும் தூக்கம் போகும்.

தரைக்கு என் கணக்கு 100 x 50 செ.மீ., அதற்குக் குறைய வேண்டாம். சக்கரமும் ஆழமும் அடங்க, உயரமும் 50 இருந்தால் நல்லது. சின்ன ஃபிளாட்டில் இவ்வளவு இடமா என்று நினைப்பீர்கள். ஒரு அலமாரி மேல்தட்டு போதும். எங்கள் வீட்டு ஆயா "எலிக்கு எதுக்குடா இத்தனை பெரிய வீடு" என்று கேட்டார். பிள்ளையார் வாகனத்துக்கு உறவுக்காரன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பணம் மிச்சப்படுத்த நல்ல வழி, ஒழுகும் மீன் தொட்டி. மீன் வளர்ப்பவர்களுக்கு அது குப்பை, அதனால் மலிவாகத் தருவார்கள். நாலடித் தொட்டி என்றால் நீளம் 120 செ.மீ. இருக்கும், அகலத்தை மட்டும் அளந்து பாருங்கள். மேலே மரச்சட்டத்தில் கம்பி வலை அடித்து மூடி செய்துகொள்ளுங்கள். கண்ணாடியால் மூடவே கூடாது, காற்று வேண்டும். தொட்டி கிடைக்காவிட்டால் பெரிய பிளாஸ்டிக் ஸ்டோரேஜ் பெட்டி. ஆனால் மேலே ஒட்டியிருக்கும் லிட்டர் கணக்கை நம்பாதீர்கள். இந்தப் பெட்டிகள் அடியில் குறுகும், டேப்பை உள்ளே விட்டு அடியைத்தான் அளக்க வேண்டும். மூடியின் நடுவை வெட்டி எடுத்துவிட்டு வலையை நட்டு போல்ட் போட்டு முடுக்குங்கள். பசையைக் கடித்துப் பெயர்த்துவிடும்.

உள்ளே காகிதப் படுக்கை அல்லது தூசி இல்லாத ஆஸ்பென் மரச்சீவல். தேவதாரு, வாசனை அடிக்கும் பைன் சீவல் வேண்டாம், மூச்சுக்கு ஆகாது. ஒரு பக்கம் 25, 30 செ.மீ. உயரத்துக்குக் குவித்து, இடையிடையே காய்ந்த புல் கலந்து கையால் அழுத்துங்கள். அப்போதுதான் சுரங்கம் இடியாமல் நிற்கும். கூடு கட்ட வாசனையில்லாத டிஷ்யூவைக் கிழித்துப் போட்டால் போதும், கன்னப்பையில் அடைத்துக்கொண்டு முகம் இரண்டு மடங்காகி இழுத்துப் போகும். 'ஹாம்ஸ்டர் பஞ்சு' என்று விற்பதை வாங்காதீர்கள், நூல் காலில் சுற்றிக்கொள்ளும். சிரிய வகைக்குச் சக்கரம் 28 செ.மீ. விட்டமாவது இருக்க வேண்டும், ஓடும் பக்கம் கம்பியாக இல்லாமல் முழுத்தளமாக. ஓடும்போது முதுகு வளைந்தால் சக்கரம் சின்னது என்று அர்த்தம். சக்கரத்தையும் கனமான பொருட்களையும் படுக்கை மேல் வைக்காமல் ஒரு பலகை மேடையில் வையுங்கள். அடியில் தோண்டினால் அதன் மேலேயே சரியும்.

டர்பனில் கூண்டைவிட அதை வைக்கும் இடம்தான் பெரிய தலைவலி. ஜனவரியில் பகல் சராசரியே 28 டிகிரி, அதோடு கடற்கரைப் புழுக்கம். ஹாம்ஸ்டருக்கு 18 முதல் 24 டிகிரி சுகம். 30ஐத் தாண்டினால் ஆபத்து. அதற்கு நம்மைப்போல் வியர்க்காது, அதனால் மின்விசிறியைத் திருப்பி வைத்தால் பெரிதாகக் குளிராது. மின்வெட்டு நேரத்தில் அதுவும் இல்லை. வெயில் படாத உள்சுவர் ஓரம் பார்த்து வையுங்கள். உள்ளே ஒரு தரை ஓடு போட்டால் அதன் மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். ரொம்பப் புழுங்கினால் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கண்ணாடிக்கு வெளியே சாய்த்து வைக்கலாம். எறும்புக்கு நம் பழைய வைத்தியம்தான், கூண்டு இருக்கும் மேசை அல்லது அலமாரியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். சாமி அறைப் பக்கம் வேண்டாம், சாம்பிராணிப் புகை ஆகாது. தீபாவளி ராத்திரி வெடிச்சத்தம் குறைவாகக் கேட்கும் அறைக்கு முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான கவலை. அங்கே குளிர்கால ராத்திரி பூஜ்யம் வரை இறங்கும். கடும் குளிரில் ஹாம்ஸ்டர் விறைத்துச் சில்லிட்டு, செத்ததுபோல் கிடக்கலாம். உடனே புதைத்துவிடாதீர்கள். கையில் வைத்து மெதுவாகச் சூடேற்றி, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஒன்று போதும், துணைக்கு இன்னொன்று வேண்டாம். சிரிய ஹாம்ஸ்டர் வளர்ந்தபின் தனியாகத்தான் இருக்கும், இரண்டைச் சேர்த்தால் ரத்தக்களரி. வாராவாரம் மொத்தமாகக் கழுவவும் வேண்டாம். ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும், அந்த மூலையை மட்டும் மாற்றுங்கள். தன் வாசனை மொத்தமும் போனால் மிரண்டுவிடும்.

கலர் கூண்டை மகளுக்காக ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப் போட வேண்டாம். குழாய்களைக் கழற்றிவிட்டு, மருத்துவரிடம் கொண்டுபோகவும் பெரிய தொட்டியைச் சுத்தம் செய்யும் அரை மணி நேரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.